மேலே நிக்கிறேன்

வேலை போன பிறகும் ரவிகுமார் சாரதாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மாரிகுப்பத்தில் கிளம்புகிற விடியற்கால ரயிலில் முதல் ஆளாக ஏறி, சன்னலோரத்தில் ஒரு பச்சைத் துண்டைப் போட்டு வைப்பது அவன் வழக்கம். கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வருவதற்குள் வண்டி நிறைந்துவிடும். சாரதா ஏறியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நிற்பான். அந்தப் பெட்டியில் பாதிப் பேர் அவளால் வேலைக்குப் போனவர்கள். பெங்களூர் எல்லையில், பார்சல் பிரித்து அனுப்புகிற ஒரு பெரிய குடோனில் அவள் மனிதவளத் துறைத் தலைவி. கழுத்தில் தொங்குகிற அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கும். பெட்டியில் அவள் வெறும் எச்.ஆர். அக்கா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரவிகுமாரையும் இன்னும் சிலரையும் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே, அவன் இன்றைக்கு வந்திருக்கக் கூடாதே என்று சாரதா வேண்டிக்கொண்டு வந்தாள். ஏறிப் பார்த்தால் பச்சைத் துண்டு கிடந்தது.

"இன்னாக்கா அப்படிப் பாக்குறீங்க? வேலை போச்சின்னா சீட்டும் பூடுமா?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் நாலு குடோனில் போய்க் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவனுக்கு எங்கேயாவது கிடைக்காமலா போய்விடும் என்று அவனே தனக்குத் தைரியமும் சொல்லிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நீங்க எனக்காக எவ்ளோ பேசியிருப்பீங்கன்னு தெரியும்க்கா. நைனா கூட அதான் சொல்லிச்சு. தம்மபாலன் பொண்ணு உள்ள இருக்கும்போதே இப்டி ஆச்சின்னா, அது கைய மீறித்தான் போயிருக்கும்னு. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

சாரதா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பங்காரப்பேட்டை வரைக்கும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரவிகுமாரின் அப்பா ராஜப்பாவும் சாரதாவின் அப்பா தம்மபாலனும் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஒரே செட். பாறையில் துளை போடுகிற வேலை. தம்மபாலன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த செட்டில் மிச்சம் இருப்பது ராஜப்பா ஒருவர்தான். அந்த செட்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குவதற்கு முன்னால், யாராவது ஒருவன் "இன்னிக்கு நான் மேலே நிக்கிறேன்" என்று சொல்லலாம். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். காய்ச்சலாக இருக்கலாம், முந்தின நாள் குடித்ததாக இருக்கலாம், பெண்டாட்டியோடு சண்டையாக இருக்கலாம், கெட்ட கனவாகக்கூட இருக்கலாம். மனம் சரியில்லாதவன் கையில் மெஷினைக் கொடுத்தால் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். சொன்னவன் அன்றைக்கு மேலே, சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கிற மரம் சுமப்பான். அவன் பங்குத் துளையை மற்றவர்கள் போட்டுவிடுவார்கள்.

இது பாதிதான். இன்னொரு பாதியும் உண்டு. மேலே நின்றது யார் என்று மேஸ்திரியோ வெள்ளைச் சட்டைக்காரரோ வந்து கேட்டால், செட்டில் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். எல்லாரும்தான் இறங்கினோம் என்பார்கள். தம்மபாலன் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். இரண்டு பாதியையும் சொல்லித்தான் சிரிப்பார்.

குடோனில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் சாய்ந்து ஒருவனுக்குக் கால் முறிந்தபோது, பாதுகாப்பான வேலைக் கலாசாரத்தை உருவாக்குங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சாரதாவுக்கு உத்தரவு வந்தது. கலாசாரத்தை எங்கிருந்து உருவாக்குவது? அவள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் எல்லாரும் வட்டமாக நிற்பது. முடியாதவர்கள் கையைத் தூக்கி "மேலே நிக்கிறேன்" என்று சொல்வது. அவர்களுக்கு அன்றைக்கு மெஷின் இல்லாமல் லேபிள் ஒட்டுகிற மாதிரி இலகுவான வேலை. காரணம் கேட்பதில்லை, சம்பளத்தில் கை வைப்பதில்லை. நாலு மொழியில் சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். சொற்றொடர் மட்டும் நாலிலும் தமிழாகவே இருந்தது. பெங்களூரில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் எச்.ஆர். தலைவர்கள் கூடிய கூட்டத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். பெரிய திரையில் தலையில் தொப்பி விளக்கோடு தம்மபாலன் நின்றார். அவள் பேசி முடித்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று அவள் பெருமையில் தரையில் கால் பாவாமல்தான் வீட்டுக்கு வந்தாள்.

பேர் சொல்லக் கூடாது என்ற பாதியை மட்டும் அவள் அங்கே சொல்லவில்லை. அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடத்தில், அதிகாரி கேட்டால் பொய் சொல்வோம் என்று எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

பெங்களூர்ப் பிள்ளைகள் முதல் வாரம் வேடிக்கைக்குக் கையைத் தூக்கினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். கம்பெனி சும்மா கொடுக்கிறது என்றால் அதைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். தொடர்ந்து கையைத் தூக்கியது கோலார் தங்கவயல்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்கு அது கம்பெனி கொடுத்த சலுகையாகத் தெரியவில்லை. அப்பன் பேச்சாகத் தெரிந்தது, அதனால் நம்பினார்கள்.

எல்லாரையும்விட அதிகம் தூக்கியவன் ரவிகுமார். ராஜப்பாவின் நுரையீரல் முழுக்கக் கல் தூசி. சில ராத்திரிகளில் அவரால் படுக்க முடியாது. உட்கார்ந்தபடிதான் மூச்சு வரும். முதுகுக்குப் பின்னால் ரவிகுமார் சாய்ந்து உட்கார்ந்து விடிய விடியத் தாங்கிக்கொண்டிருப்பான். அப்படி முழித்த மறுநாள் காலையில் அவன் மெஷினைத் தொட மாட்டான். தூக்கக் கலக்கத்தில் ஓட்டினால் எவன் கால் மேல் ஏறும் என்று தெரியாது என்பான். சாரதாவுக்கு இவனைவிட நல்ல தொழிலாளி ஒருவனை அந்தக் குடோனில் காட்ட முடியாது. அது அவளுக்கே தெரியும்.

பெரிய வாடிக்கைக் கம்பெனி ஒன்று விலகிப் போனதும் ஆட்குறைப்பு வந்தது. செயல்பாட்டுத் தலைவர் கிரண் நல்ல மனிதர்தான். குரல் உயர்த்த மாட்டார். டீயும் பிஸ்கட்டும் வரவழைத்துவிட்டுத்தான் கேட்டார். எல்லாரும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறார்கள், அப்படியிருக்க யாரை அனுப்புவது? ஷிஃப்டுக்கு வந்த பிறகு மெஷினில் ஏறுவான் என்று நம்ப முடியாதவர்கள் யார்? "மேடம், உங்க திட்டத்துலயே அது தெரிஞ்சிருக்குமே" என்று அவளைப் பார்த்தார்.

அவள் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது அதற்காக வைத்ததில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அறையில் இருந்த எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். கையைத் தூக்குகிறவர்கள் எல்லாம் அவள் ஊர்க்காரர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். ஊர்க்காரர்களைக் காப்பாற்றுகிறாள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று அவளுக்கு உள்ளே ஒரு பயம். இத்தனை வருஷம் ரயிலில் வந்து போய்ச் சம்பாதித்த நாற்காலி அது. முதலில் அவள் வாயில் வந்த பேர் ரவிகுமார். அது வந்த பிறகு மற்றப் பேர்கள் சுலபமாக வந்தன.

கணவன் மகிழனிடம் மட்டும் சொன்னாள். அவன் பங்காரப்பேட்டையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறவன். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டான். நீ சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள், இதைப் போய் அவனிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, முடிந்தால் வேறு வேலை வாங்கிக் கொடு, அதுதான் உருப்படியான காரியம் என்றான். சரியாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த வாரம் முழுக்கப் பச்சைத் துண்டு போட்டுப் பிடித்த இடத்தில் உட்கார்ந்து போய் வந்ததில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை தேடித் தர அவளுக்கு வழி இல்லாமல் இல்லை. மாலூரில் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் டீனா என்பவள் எச்.ஆர். தலைவி; ஹோட்டல் கூட்டத்தில் பழக்கமானவள். சனிக்கிழமை போன் போட்டதும், நீங்கள் சொன்னால் போதும், திங்கட்கிழமை அனுப்புங்கள் என்றாள். மாலூர் அதே ரயில் பாதையில், பாதி வழியில் இருக்கிறது. ரவிகுமாருக்கு இதைவிட நல்லது அமையாது. சாரதாவுக்கு வாரம் முழுக்க அடைத்திருந்த மூச்சு கொஞ்சம் வெளியே வந்தது.

போனை வைக்கும்போது டீனா சொன்னாள்: "மேடம், ஒரு விஷயம். உங்க 'மேலே நிக்கிறேன்' இருக்கில்ல, அடுத்த மாசத்துல இருந்து இங்கயும் கொண்டு வர்றோம். மேனேஜ்மென்ட்டுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆளுங்கள எடை போட அதுல நல்லாவே தெரியுதாமே."

யார் சொன்னார்கள் என்று சாரதா கேட்கவில்லை. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாரிகுப்பம் போனாள். காற்றுக் காலம். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சைனைடு மண் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பித் தொழிலாளர் லைன் வீடுகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ராஜப்பா வீட்டுச் சன்னலில் ஈரப் புடவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே கட்டிலில், இரண்டு தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கையை ஊன்றி ராஜப்பா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து கும்பிடப் பார்த்ததும் சாரதா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீடே மாறிவிட்டது. ரவிகுமார் வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான். அவன் மனைவி சுனிதா அதிகம் பேசாதவள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தட்டில் சூடாகக் களி உருண்டை வந்தது, பக்கத்தில் குளமாகக் கறிக்குழம்பு வந்தது. வீட்டில் இருந்த நல்ல துண்டுகள் எல்லாம் தன் தட்டில்தான் விழுந்திருக்கின்றன என்று சாரதாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வேலை போன வீட்டில் கறி எடுத்திருக்கிறார்கள், அவள் வருவதாகச் சொன்னதால்.

"உங்கப்பன் இருந்தா..." என்று ஆரம்பித்த ராஜப்பா மூச்சு வாங்க நிறுத்தினார். பிறகு, "பாத்து சந்தோசப்படுவான்" என்று முடித்தார்.

ரவிகுமார் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாலூர் வேலையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். மெஷின் என்ன மெஷின், ஷிஃப்டு எத்தனை மணிக்கு, ரயில் நேரத்துக்குச் சரியாக வருமா. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக அவன் கேட்டான்.

"அங்கயும் நம்மளாட்டம் உண்டாக்கா? மேலே நிக்கிறது?"

"அடுத்த மாசம் வருது."

"அப்ப இன்னா கவலை? நைனாவுக்கு முடியாத நாள்ல சொல்லிட்டு நின்னுக்கலாம்" என்று மனைவி பக்கம் திரும்பிச் சிரித்தான்.

சாரதாவின் கை களியில் நின்றுவிட்டது. பேசாமல் இருந்துவிடலாம். வேலை வாங்கிக் கொடுத்தாயிற்று, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இவன் அங்கே போவான், கையைத் தூக்குவான், ஒரு வருஷம் கழித்து டீனா ஒரு அறையில் டீ குடித்துக்கொண்டே இவன் பேரைச் சொல்லுவாள்.

"சொல்லாதே ரவி," என்றாள்.

"இன்னாதுக்கா?"

"அங்க போய் அதச் சொல்லாதே. உடம்பு முடியலன்னாலும் சொல்லாதே. நல்லாத்தான் கீறேன்னு சொல்லு. என்னிக்கும் நல்லாத்தான் கீறேன்னு சொல்லு."

அவனுக்குப் புரியவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அடுப்படி வாசலில் நின்ற சுனிதாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதுக்காகத்தான் இவர எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"யாரு சொன்னது, இவரு நின்னாருன்னு?"

தெருவில் யாரோ தூசிக்குக் கதவைச் சாத்தினார்கள். சாரதாவுக்கு மகிழன் சொன்னது நினைவுக்கு வந்தது. கிரண் என்று சொல்லிவிடலாம், கம்ப்யூட்டர் என்றுகூடச் சொல்லிவிடலாம், நம்பிவிடுவார்கள். நம்பிவிடுவார்கள் என்பதுதான் அவளை அறுத்தது.

"நான்தான் சொன்னேன். யாருன்னு கேட்டாங்க. மொத பேரா ரவி பேரத்தான் சொன்னேன்."

ரவிகுமார் தரையில் விழுந்திருந்த ஒரு களித் துணுக்கை எடுத்து ஓரமாக வைத்தான். கட்டிலில் ராஜப்பாவின் மூச்சு சீட்டியடிக்கிற சத்தம் கேட்டது. அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்.

"பேரு சொல்லக் கூடாதுன்னு... உங்கப்பன் சொல்லித் தர்லியாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பழி போய்விடும். தெரியாமல் செய்தவள் ஆகிவிடுவாள். ஆனால் அந்தப் பழி போய் உட்காருகிற இடம் அவள் அப்பாவின் தலை. ஒரு நாளும் யார் பேரையும் சொல்லாத மனிதரின் தலை.

"சொல்லித் தந்தாரு மாமா," என்றாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

ராஜப்பா தலையை ஆட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் மெல்லத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவரால் திட்ட முடியும், திட்டுகிற அளவுக்கு மூச்சு இருந்தது. திட்டாமல் திரும்பிக்கொண்டார்.

சாரதா தட்டைத் தள்ளி எழப் போனாள்.

"சாப்டுங்க," என்றாள் சுனிதா. "இந்த வூட்ல போட்ட சோத்த எடுக்க மாட்டோம்." அவள் குரல் உயரவில்லை. "நைட்டெல்லாம் அப்பன முதுகுல தாங்கிகினு, காலையில போய் இருக்கறத இருக்கற மாதிரி சொன்னாரு. வேற ஒரு தப்பும் பண்ல."

சாரதா சாப்பிட்டாள். கறியை ஒதுக்கினால் அவமதித்ததாகிவிடும் என்று அதையும் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது. எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். சுனிதா கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ரவிகுமார் வாசல் வரைக்கும் வந்தான், ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக் கொடுத்தான். வேலைக்குப் போவானா, அவள் வாங்கிக் கொடுத்த வேலை வேண்டாம் என்பானா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை கோரமண்டல் ஸ்டேஷனில் அவள் பெட்டி மாறி ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தாள். கால்கள் பழக்கத்துக்கு அந்தப் பெட்டிக்கே கொண்டு போயின. கூட்டத்தை விலக்கி உள்ளே பார்த்தாள். சன்னலோரத்தில் பச்சைத் துண்டு கிடந்தது.

ரவிகுமார் அதை எடுத்து உதறினான். சலவை செய்த சட்டை போட்டிருந்தான், தலை படிய வாரியிருந்தான். கண்கள் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. நேற்றைய தூசிக் காற்றுக்கு ராத்திரி ராஜப்பா எப்படி இருந்திருப்பார் என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டாள்.

"நைனா எப்டி கீறாரு?"

"நல்லா கீறாருக்கா."

"நீ தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேன்க்கா."

ஆபீசில் யாரிடமோ சொல்கிற மாதிரி, முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னான். அவள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். சாரதா உட்காரவில்லை. இன்னிக்கு நீ உக்காரு, மாலூர் வரைக்கும் உக்காந்துகினு வா என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்க்கா. உக்காந்தா தூங்கிடுவேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. இரண்டு பேரும் கேட்காதவர்களாக இருந்துகொண்டார்கள். அவள் உட்கார்ந்தாள். பங்காரப்பேட்டையில் வண்டி நின்று கிளம்பியது. அவன் கதவோரக் கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றான். தலை சரிகிறபோதெல்லாம் திடுக்கிட்டு நிமிர்ந்துகொண்டான். அவன் சரிகிற ஒவ்வொரு தடவையும் சாரதாவின் கை தானாக முன்னால் நீண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவன் மெஷின் மேல் ஏறி உட்காரப் போகிறான். முன்னால் மனிதர்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார்கள்.

மாலூர் வருவதற்கு முன்னால் அவன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். கதவுக்கு வெளியே குனிந்து முகத்தில் அடித்து அடித்துக் கழுவினான். பச்சைத் துண்டால் கண்களை அழுத்தித் துடைத்தான். வண்டி வேகம் குறைந்ததும் அவளிடம் வந்து குனிந்து, முகத்தைக் கிட்டத்தில் காட்டினான்.

"கண்ணுல தெரியுதாக்கா?"

கண் முன்னைவிட அதிகமாகச் சிவந்திருந்தது.

"இல்ல, தெரியல" என்றாள் சாரதா. அவன் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.